ஷமீமா பெயரில் பதிவானது

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலையிலிருந்து ஏழு பேரைத் திட்டியிருக்கிறேன். வாய்விட்டு இரண்டு பேர், மனத்துக்குள் ஐந்து பேர். ஏழு பேரும் அதற்குத் தகுதியானவர்கள்தான்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, "கோவம் வந்தா ஒரு நோட்டுல எழுதுங்க சுகுணா, ஒரு மாசம் பாக்கலாம்" என்றார். போன வாரம் வாங்கிய நோட்டு. இன்றைக்குத்தான் திறக்கிறேன். எழுதாவிட்டால் எதையாவது போட்டு உடைத்துவிடுவேன்.

நடந்தது இது. எங்கள் கம்பெனியின் மென்பொருள் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஓடுகிறது. நோயாளியின் எடையை அடித்தால் மருந்து எத்தனை மில்லி என்று திரையில் காட்டும். போன வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பை அனுப்பினோம். ஈரோடு பக்கம் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஞாயிறு மாலை அதை ஏற்றிக்கொண்டார்கள். திங்கள் காலை, குறைமாதத்தில் பிறந்து ஒரு கிலோ இருநூறு கிராம் இருக்கும் ஒரு பெண் குழந்தைக்கு, இதய மருந்து 0.06 மில்லி என்று காட்ட வேண்டிய இடத்தில் 0.1 என்று காட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு பங்கு. வார்டு நர்ஸ் சந்தேகப்பட்டு மருந்தை ஏற்றாமல் நிறுத்திவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எனக்காக இரண்டாவது தடவை எழுதுகிறேன்.

மேனேஜர் கார்வேந்தன் சார் ஒன்பது மணிக்கே எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கத்தினார். "டெஸ்ட்ல எப்படித் தப்புச்சு? எனக்கு அதுதான் தெரியணும்!" எப்படித் தப்பியது என்று அவருக்குத் தெரியாதா? "பெரியவங்க டோஸ் பாத்தாச்சுல்ல, குழந்தைங்க டோஸை அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்று பிப்ரவரியில் சொன்னது யார்? அதைச் சொன்ன அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் கத்தினார்.

வாய்விட்டுத் திட்டிய இருவரில் ஒருவர் சரவணம்பட்டி சிக்னலில் என் ஸ்கூட்டரை உரசிய ஆட்டோக்காரர். இன்னொருவர் கேஸ் ஏஜென்சியில் போன் எடுத்த பெண். சிலிண்டர் பதிவு செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

மார்ச் 5, புதன்

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இதைச் செய்ய இந்த கம்பெனியில் என்னைவிட்டால் ஆள் இல்லை. இது பெருமைக்காக எழுதியதில்லை. எல்லாத் துண்டுகளையும் கோத்து மென்பொருளாக்கும் பில்டு வேலை பதினோரு வருடமாக என் தலையில்தான்.

வெளியாட்களுக்கு இந்த வேலை புரியாது. என் கணவர் மணிவாசகம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர், அவருக்கே புரிவதில்லை. எங்கள் மென்பொருளில் நாங்கள் எழுதியது பாதிதான். மீதி, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். அவற்றைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு டூல் இருக்கிறது. பொத்தானோ படமோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். எந்தத் துண்டில் எந்தப் பதிப்பு என்று அது ஒரு பட்டியல் போட்டுப் பூட்டி வைக்கும். அதற்கு லாக் ஃபைல் என்று பெயர். அந்தப் பட்டியல் இருக்கும் வரை எல்லாம் அதே பதிப்பில் நிற்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னால், டூல் கிடைத்ததில் புதியதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

'இந்தத் துண்டு ஏன் இங்கே இருக்கிறது, யார் கூட்டிவந்தது' என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். எங்கள் டோஸ் பகுதி, எண்களை எழுதிக்காட்ட ஒரு துண்டை வைத்திருக்கிறது. அது தன் வசதிக்கு இன்னொன்றை வைத்திருக்கிறது. அதற்கும் அடியில் எண்பது வரியில் ஒரு குட்டித் துண்டு. தசமத்தைச் சுருக்குவது மட்டுமே அதன் வேலை. பழைய பதிப்பில் இரண்டு தசமம் வைத்திருந்தது. புதிய பதிப்பில் ஒன்றுதான். 0.06 போய் 0.1 ஆனது அங்கேதான். எழுதியவன் பின்லாந்தில் இருக்கும் யாரோ. "தனியாகக் கேட்காவிட்டால் இனி ஒரு தசமம்" என்று ஒரே ஒரு வரி குறிப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வரி! அவனுக்கு ஒரு பக்கம் மெயில் எழுதினேன். அவன் வேலையை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகலாம் என்பதை ஆங்கிலத்தில் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன்.

லாக் ஃபைல் மாறிய நாள் பிப்ரவரி 17. யார் மாற்றியது என்று பார்க்கும் கட்டளையை கார்வேந்தன் சாரே அடித்தார். எங்கள் டீமில் இருக்கும் ஷமீமாவின் பெயர் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்தான் சொன்னது.

மார்ச் 6, வியாழன்

விசாரணை. கார்வேந்தன் சார், எச்.ஆர். அம்மா, நான், ஷமீமா.

ஷமீமா காண்ட்ராக்டில் வந்து பத்து மாதம் ஆகிறது. முப்பத்து மூன்று வயது, வீடு கரும்புக்கடைப் பகுதியில். இரண்டு பிள்ளைகள் பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தவள். எதையும் இரண்டு தடவை கேட்பாள். அது சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

"பிப்ரவரி பதினேழு, சாயங்காலம் நாலே கால். லாக் ஃபைலை அழிச்சிட்டுப் புதுசா போட்டிருக்கீங்க. ஏன்?" என்று சார் கேட்டார்.

"என் மெஷின்லதான் சார் நடந்துச்சு" என்றாள்.

"அதைத்தாங்க கேக்கறேன். ஏன் பண்ணுனீங்க?"

"என் மெஷின்லதான் நடந்துச்சு சார்."

மறுபடியும் அதே வாக்கியம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? நான் என்ன செய்ய முடியும்? அறையில் ஃபேன் சரியாக ஓடவில்லை, எனக்கு வேர்த்தது. டீ வந்தது. ஒரு கிளாசை அவள் பக்கம் நகர்த்தினேன். தொடக்கூட இல்லை. நன்றாக இருக்கிறது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது, இது நோன்பு மாதம். அதற்கும் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஷமீமாவிடம் அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். குழாயில் சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை.

மார்ச் 8, சனி

வாஷிங் மெஷின் சுற்றவில்லை. மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டு போச்சுங்க்கா. ஓவர் லோடு போட்டீங்களா?" என்றான். நான் போடவில்லை என்றேன். "போடாம இப்படிப் போவாதுங்க்கா" என்றான். "என்னங்க, நான் பொய் சொல்றேனா?" என்று கேட்ட கேட்பில் மாடிவீட்டம்மா எட்டிப் பார்த்தார். அவன் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனான்.

மணிவாசகம் துணிகளை எடுத்து உலர்த்திக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு ஷமீமா, அப்படிப் பட்டுன்னு அழிக்கற ஆளா? நீதான எதையும் ரெண்டு வாட்டி கேப்பான்னு சொல்லுவே?"

"பேரு அவளுதுதான் வந்துச்சு."

"நான் பேரைக் கேக்கலியே."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலில் பட்டுவிட்டது. பெரிய வெட்டில்லை.

மார்ச் 10, திங்கள்

அந்தத் துண்டைப் பழைய பதிப்பிலேயே பூட்டி, திருத்தத்தை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினேன். குழந்தைகள் டோஸ் டெஸ்டுகள் எல்லாவற்றையும் ஓட்டினேன். நாற்பது நிமிடம். வெறும் நாற்பது நிமிடம்! இதைத்தான் பிப்ரவரியில் நேரமில்லை என்று ஒதுக்கினார்கள்.

மாலையில் கார்வேந்தன் சார் எல்லோரையும் நிற்க வைத்து, "சுகுணா இல்லைன்னா நாம இன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னிருப்போம்" என்றார். கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். வெளியே வந்தபோதும் ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்த பார்வையில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

ஷமீமாவின் மேசையை யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் ஜன்னலோரம் இருக்கிறது. யாராவது எடுத்து அனுப்பினால் என்ன? இந்த ஆபீசில் எல்லாவற்றையும் நானேதான் செய்ய வேண்டுமா?

நான் அனுப்பவில்லை.

மார்ச் 12, புதன்

பின்லாந்துக்காரன் பதில் போட்டிருக்கிறான். குழந்தை நலமா என்று முதலில் கேட்டிருக்கிறான். அப்புறம் மன்னிப்பு. இப்படி அடிப்படையை மாற்றும்போது எல்லோரும் கவனிக்கும்படி பெரிய பதிப்பு எண் கொடுத்திருக்க வேண்டும், அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். கடைசியில் இரண்டு வரி: "உங்கள் லாக் ஃபைல் இருந்திருந்தால் பழைய பதிப்பே வந்திருக்கும். அது ஏன் அழிக்கப்பட்டது?"

பதில் போடவில்லை. என்னைக் கேள்வி கேட்க அவன் யார்?

சிலிண்டர் வந்தது.

மார்ச் 13, வியாழன்

திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஈரோட்டுக்கும் செய்தேன். வார்டில் போனை எடுத்தது அந்த நர்ஸ்தான். பெயர் தனக்கொடி. கொஞ்சம் கரகரத்த குரல்.

"சரியா காட்டுதுங் மேடம். ரெண்டு பாப்பாவுக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன். "மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? எனக்கு மெமோ குடுத்திருக்காங்."

"உங்களுக்கா? எதுக்கு?"

"திரையில வந்தத ஏத்தாம நாப்பது நிமிசம் லேட் பண்ணுனேனாமா. டாக்டரு ஆபரேசன்ல இருந்தாருங். அவரு வெளிய வந்து பாத்துச் சொல்ற மட்டும் நா ஏத்தலைங். அதுதான் குத்தமாமா."

"தப்பு எங்க சாஃப்ட்வேர்லதானுங்களே சிஸ்டர்?"

"அத ஆருங் எழுதிக் குடுத்தாங்க? உங்க கம்பெனி லெட்டர்ல 'சிறு காட்சிக் குறைபாடு சரிசெய்யப்பட்டது'ன்னு மட்டும்தான இருக்குது. சிறு குறைபாடுன்னா நா எதுக்கு நிறுத்துனேன்னு கேக்கறாங்."

அந்தக் கடிதம் எனக்குத் தெரியாது. கார்வேந்தன் சார் அனுப்பியிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, தப்புன்னு?"

"ஞாயித்துக்கெழம காலைல அதே பாப்பாவுக்கு எங்கையாலதானுங் 0.06 ஏத்துனேன். ஒரு நாள்ல எடை மாறல, வியாதி மாறல. மருந்து மட்டும் ஏனுங் மாறோணும்?" என்றார். குரல் உயர்ந்தது. "பத்தொம்பது வருசமா பச்சைக் கொழந்தைகளுக்கு ஊசி போடறனுங். ஒரு மெமோ வாங்குனதில்ல. எவனோ அங்க உக்காந்து எதையோ தட்டி வெச்சுட்டான். எனக்கு மெமோ."

எவனோ. நான் திருத்தவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

எழுதத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள். அன்று மாலைக்குள் வேலையை முடித்து எல்லோருக்கும் பொதுவான மெயின் கோடில் சேர்க்கச் சொல்லி கார்வேந்தன் சார் மூன்று தடவை போன் செய்திருந்தார். ஷமீமாவின் மாற்றம் சேர மறுத்தது. அவளுடைய லாக் ஃபைலும் எங்களுடையதும் பதினெட்டு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எதனால் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். ஏழு முடிந்திருந்தது. நான் பின்னால் போய் நின்றேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஷமீமா?"

"பதினொண்ணு இருக்கு மேடம். ஒரு மணி நேரம் ஆகும்."

"நகருங்க."

அவள் எழுந்தாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். லாக் ஃபைலை அழித்தேன். புதிதாகப் போடும் கட்டளையைத் தட்டினேன். நான்கு நிமிடம்.

"மேடம், அழிச்சிட்டா எல்லாத் துண்டும் புதுசா வந்துருமே? என்னென்ன மாறுதுன்னு ஒருவாட்டி பாத்துடலாமா?" என்று அவள் பின்னால் நின்று கேட்டாள்.

"டெஸ்ட் எதுக்கு இருக்கு? ஓடட்டும்" என்றேன். குழந்தைகள் டோஸ் டெஸ்டை ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியும். நன்றாகத் தெரியும். அந்த மீட்டிங்கில் நான் இருந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த நோட்டில் கார்வேந்தன் சாரை அதற்காகத் திட்டியிருக்கிறேன்.

அவளுடைய மெஷின், அவளுடைய லாகின். அதனால் அவள் பெயரில் பதிவானது. தட்டிய விரல்களின் பெயரை எந்தக் கட்டளையும் சொல்லாது. அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

விசாரணையில் அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். பார்த்த நொடியே தெரியும்.

மணிவாசகத்திடம் நோட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு, மூடி என் பக்கம் நகர்த்தினார். எப்போதும் என் பக்கம் பேசுகிற மனிதர். "திங்கக்கெழம போய்ச் சொல்லிரு" என்றார், அவ்வளவுதான். அப்படியாவது திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். கார்வேந்தன் சார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது இப்ப எதுக்கு சுகுணா?"

"நடந்தது அதுதான் சார்."

"அவங்க காண்ட்ராக்ட் முடிஞ்சுது. கஸ்டமரும் அமைதியாயிட்டாங்க. பேரு அவங்க பேருல இருக்குது. உன் கைதான்னு ஏதாவது ப்ரூஃப் இருக்கா?"

"நான் இருக்கேனே சார்."

கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "இங்க பாரு. நீ வெளிய சொன்னா பில்டு டீம் மேலயே நம்பிக்கை போயிடும். ஏன் டெஸ்ட் ஓட்டலைன்னு அடுத்த கேள்வி வரும்."

"வரட்டும். அது நீங்களும் நானும் சொல்ல வேண்டிய பதில். அந்த ஆஸ்பத்திரில நர்சுக்கு மெமோ குடுத்திருக்காங்க சார். நாம சிறு காட்சிக் குறைபாடுன்னு எழுதுனதால."

"அது அவங்க உள்விவகாரம். நீ அதுல தலையிடாதே."

பதினோரு வருடத்தில் இவர் பேச்சுக்கு நான் எத்தனை தடவை தலையாட்டியிருப்பேன்! இரண்டு வாரமாக ஆட்டோக்காரன் மேலும் மெக்கானிக் மேலும் பின்லாந்துக்காரன் மேலும் கொட்டியதெல்லாம் இந்த மேசைக்கு வந்திருக்க வேண்டியது. பாதி இவருக்கு. பாதி எனக்கு.

"அந்தக் குழந்தையோட எடை ஒரு கிலோ இருநூறு சார். நம்ம லேப்டாப்பைவிடக் கம்மி" என்றேன். என் குரல் கதவைத் தாண்டிப் போயிருக்கும். வெளியே கீபோர்டு சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

"வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசலாம்" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

பேசவில்லை. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி இயக்குநருக்கு மெயில் அனுப்பினேன். எங்கள் எம்.டி.க்கும் கார்வேந்தன் சாருக்கும் ஷமீமாவுக்கும் நகல். இங்கே குறித்து வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க:

"மார்ச் 3 அன்று உங்கள் வார்டில் திரை காட்டிய 0.1 மில்லி தவறான அளவு. ஏற்றியிருந்தால் குழந்தைக்கு ஆபத்து நேர்ந்திருக்கும். செவிலியர் தனக்கொடி அதை நிறுத்தியது சரி. பதிப்புகளின் பட்டியலை அழித்து, என்ன மாறியது என்று பார்க்காமல் சேர்த்தவள் நான். அது ஷமீமாவின் கணினியில் நடந்ததால் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவர் அப்போதே என்னை எச்சரித்தார். குழந்தைகளுக்கான சோதனைகள் அந்தப் பதிப்புக்கு நடத்தப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும்."

அனுப்பிய பிறகு பின்லாந்துக்காரனுக்கும் ஒரு வரி போட்டேன். நான்தான் அழித்தேன், அவசரம், மன்னிக்கவும் என்று.

மார்ச் 20, வியாழன்

எம்.டி. கூப்பிட்டுக் கேட்டார். அரை மணி நேரம். பில்டு பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ். கார்வேந்தன் சாருக்கும் ஒன்று. அவர் என்னைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. பத்து நாள் முன்னால் கைதட்டிய ஆட்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்: அப்போதே எச்சரித்த அந்தப் பெண்ணின் கையெழுத்தோடு முழு அறிக்கை வேண்டும். அவர் இன்னும் இந்த வேலையில் இருக்கிறாரா, இல்லையா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 22, சனி

மூன்று மணிக்கு கரும்புக்கடை போனேன். தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் மாடி. ஷமீமா கதவைத் திறந்தாள். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. படிக்கட்டுக்கு வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"மெயில் பாத்தேன்" என்றாள்.

"மன்னிச்சிருங்க ஷமீமா."

"ஏன் மேடம், அதச் சொல்ல பன்னெண்டு நாளாச்சா?"

"நீங்களாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, நான்தான் தட்டுனேன்னு?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் மாறியது.

"யார் நம்புவா? நான் காண்ட்ராக்ட். நீங்க பதினோரு வருஷம். மாட்டிக்கிட்டதும் மேல கை காட்றான்னு சொல்லுவாங்க. அதான் உங்களப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க டீ கிளாசை நகர்த்துனீங்க." மூச்சு வாங்கினாள். "ஆறு வருஷம் கழிச்சு வேலைக்குக் கிளம்பும்போது எங்க வீட்ல கேட்டாங்க, உனக்கு இனிமே அதெல்லாம் வருமான்னு. வராதுன்னு நீங்க நிரூபிச்சுக் குடுத்துட்டீங்க. கொழந்தை சாகப் பாத்துச்சு, உன்னாலயான்னு எங்க மாமியார் கேட்டாங்க மேடம். நான் இல்லைன்னு சொல்றேன், நம்பல. நோன்பு வெச்சுக்கிட்டு நான் பொய் சொல்லுவேனா?"

பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தேன்.

"அந்தத் தாள் இன்னும் இருக்கு" என்றாள். "பதினெட்டுல ஏழு முடிச்சிருந்தேன். அந்த தசமத் துண்டு ஒம்பதாவது. இன்னும் கால் மணி நேரம் குடுத்திருந்தா அதுக்கு வந்திருப்பேன்."

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. திட்டும்போது வரவில்லை.

"எச்.ஆர்.ல இருந்து கூப்பிட்டாங்க, திரும்ப வாங்கன்னு" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "காண்ட்ராக்ட்ல வரமாட்டேன்னு சொல்லிட்டேன். பர்மனன்ட்டா எடுக்கணும். லாக் ஃபைல் எது மாறினாலும் என் அப்ரூவல் இல்லாம போகக் கூடாது. உங்க மாற்றமும் சேர்த்துத்தான். சரின்னா வர்றேன்."

"சரின்னுதான் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில உங்க கையெழுத்து கேக்கறாங்க."

"தெரியும். அதான் கேட்டேன்." பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "உங்களுக்குத் தேங்க்ஸ் எல்லாம் சொல்ல மாட்டேன் மேடம்."

"வேண்டாம்" என்றேன். இறங்கி வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது சாவி கையில் இருப்பதே தெரியாமல் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

நோட்டீசுக்கு விளக்கம் எழுதினேன். மெயிலில் எழுதியதையே எழுதினேன். புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. ரத்த அழுத்தம் குறையவில்லை. டாக்டரம்மா மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

தனக்கொடி சிஸ்டர் போன் செய்தார்.

"மெமோவத் திருப்பி வாங்கிட்டாங் மேடம். ஆனா ஒருத்தரும் ஒரு சாரி சொல்லலைங். கிழிச்சுப் போட்டுட்டு, போய் வேலையப் பாருங்கன்னாங்."

"நான் சொல்றேன் சிஸ்டர். சாரி. தட்டுனது நான்தான்."

"படிச்சேனுங் உங்க மெயில. எங்க இன்சார்ஜு காட்டுனாங்க. நா ரெண்டு நாள் உங்களக் கண்டபடி திட்டிட்டு இருந்தேனுங். ஆருன்னு தெரியாமயே."

"இப்ப தெரிஞ்சும் திட்டலாம்."

"இப்ப நேரமில்லைங், ரவுண்ட்ஸ்" என்றார். "அந்தப் பாப்பா ஒண்ணே முக்கா கிலோ ஆயிருச்சுங். திங்கக்கெழம வீட்டுக்கு அனுப்பறம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

ஷமீமா திங்கள் முதல் வந்திருக்கிறாள். என் மேசைக்கு எதிர்ப்பக்கம். காலை வணக்கம் சொல்கிறாள், அதற்கு மேல் இல்லை. நான் சாதாரண ப்ரோக்ராமர் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். கார்வேந்தன் சார் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார். போகிற அன்றும் சுவரைத்தான் பார்த்தார்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த தசமத் துண்டையே தூக்கிவிட்டு, சுருக்கும் கணக்கை நாங்களே எழுதுவது. மூன்று நாள் எழுதினேன். எண்பது வரிக்குப் பதில் முப்பது வரி. டெஸ்டுகள் அறுபது. 0.06, 0.14, 0.05, எல்லாம் போட்டேன். சந்தோஷமாகவே இருந்தது. இன்று காலை அவளுடைய அனுமதிக்கு அனுப்பினேன்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்தது. நிராகரிப்பு. கீழே அவளுடைய குறிப்பு:

"0.004 வந்தால் 0.00 என்று காட்டுகிறது. மருந்தே வேண்டாம் என்று நர்ஸ் நினைத்துக்கொள்வார். இரண்டு தசமத்தில் பூஜ்யம் வந்தால் திரை எண்ணைக் காட்டக் கூடாது. நிறுத்தி எச்சரிக்க வேண்டும். இதற்கு டெஸ்ட் இல்லை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 0.004 மில்லியை எந்த சிரிஞ்சில் அளப்பார்கள், நடக்கவே நடக்காத ஒன்று என்று பதில் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி அடித்தும்விட்டேன். எதிர்மேசையில் அவள் தலை நிமிராமல் வேறெதையோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பென்சில், பக்கத்தில் தாள்.

அடித்ததை அழித்தேன். அவள் சொன்ன எண்ணைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். 0.00. பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில், எல்லாம் சரி என்கிற மாதிரி.

எழுந்து அவள் மேசைக்குப் போனேன். "இன்னும் எந்தெந்த எண்ணெல்லாம் பாக்கணும் ஷமீமா?"

"லிஸ்ட் போட்டுட்டு இருக்கேன்" என்றாள். "ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளில் அடுத்த எண்ணை எழுதினாள்.